எல்லோருக்கும் ஏழாவது அம்சம்

தேர்தல் வந்துவிட்டதைப் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சாய்ந்தமருதில் எங்கள் வாசலில் செருப்புக் கூடினால் தேர்தல் வந்துவிட்டது. வேட்பாளருடைய செருப்பு புதிதாக இருக்கும். கூட வந்தவர்களுடையது தேய்ந்திருக்கும். என் மனைவி செருப்புகளைப் பார்த்துத்தான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாள்.

அவர்கள் என்னிடம் வாக்குக் கேட்டு வருவதில்லை. அது தங்களுக்குத்தான் என்று ஒவ்வொருவரும் ஏற்கனவே முடிவுசெய்திருப்பார்கள். வருவது எழுத்துக்காக. மாவட்ட அரசாங்கக் காரியாலயமான கச்சேரியில் நிருவாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகும், போய் எந்த மேசையில் உறங்கும் என்று தெரிந்தவன். எத்தனையோ தேர்தல்களில் வாக்களிப்பு நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்து பெட்டிக்கு முத்திரை வைத்தவன். நான் எழுதினால் அரசாங்கமே எழுதியது போல இருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

இந்தத் தடவை முதலில் வந்தவர் ஒரு கொந்தராத்துக்காரர். பாலம், மதகு, பள்ளிக்கூட மதில் என்று கட்டிக் கட்டிப் பேர் எடுத்தவர்.

"சேர், ஒரு கொள்கை விளக்கம் வேணும். ஒரு பக்கத்துக்குள்ள. ரெண்டாம் பக்கத்த ஆக்கள் வாசிக்க மாட்டாங்க."

"உங்கட கொள்கை என்ன?"

அவர் கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"அதத்தான் சேர்ட்டக் கேக்க வந்த."

எனக்கு இது புதிதல்ல. முன்னர் மாகாண சபைத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டபோது, கிழக்கு மாகாணத்துக்குரிய அம்சங்களை ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். மாகாண சபைத் தேர்தல் வழக்கம் போல வராமல் போய்ப் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அந்தப் பழைய தாளை எடுத்து, ‘மாகாணம்’ என்று இருந்த இடங்களிலெல்லாம் ‘நாடு’ என்று போட்டேன். ஓரிரு இடத்தில் வசனம் இடித்தது. மற்றபடி கொள்கைக்கு ஒரு சேதமும் இல்லை. கல்வி, நெல்லுக்கு நியாய விலை, மீனவர் நலன், இளைஞர்க்குத் தொழில், ஆஸ்பத்திரி, இன ஒற்றுமை. இந்த ஆறையும் எதிர்ப்பவர் எவரும் இந்தக் கரையில் பிறக்கவில்லை. ஆறும் எழுதி முடித்த பிறகு பேனாவை மூடாமல் இருந்தேன். ஏழாவது ஒன்று என் மனதில் அரித்துக்கொண்டிருந்தது.

அதைச் சொல்ல என் தங்கச்சியின் வீட்டைச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு உரியது. மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே, நான் பிறந்த ஊரில், வாப்பா கட்டிய வீடு தங்கச்சிக்குப் போனது. நான் கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதில் மனைவியின் வீட்டுக்கு வந்தேன். அந்த வீடு இப்போது என் மகளின் பெயரில் இருக்கிறது. ஆக, உம்மாவின் வீட்டிலும் மனைவியின் வீட்டிலும் மகளின் வீட்டிலும் சீவித்தவன் நான். எனக்கென்று உலகத்தில் இருப்பது, நற்பிட்டிமுனையில் வயலோரமாக ஒரு மேட்டுக் காணித் துண்டு. ஓய்வு பெற்றபோது வாங்கிப் போட்டது. அதையும் என் மனைவி பேத்திக்கு என்று மனதுக்குள் எழுதி முடித்துவிட்டாள்.

தங்கச்சியின் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில், நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது, ஒரு ரோட்டும் தென்னை வரிசையும் கரைவலைக்காரர்களின் ஓலைக் குடிசை வாடிகளும் இருந்தன. துறைமுகம் வந்த பிறகு அதற்குத் தெற்கே மண் குவிந்தது. வடக்கே கரை கரைந்தது. வாடி போனது, தென்னை போனது, ரோட்டு போனது. துறைமுக வாயிலில் மண் அடைத்துப் படகு போக முடியவில்லை என்று ஒலுவிலில் குறை சொல்கிறார்கள். எங்கள் ஊரில் மண்ணெல்லாம் போய்விட்டது என்று குறை சொல்கிறார்கள். இரண்டும் ஒரே மண். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஆணைக்குழு தேவையில்லை. ஆனால் ஆணைக்குழு இல்லாமல் அதை யாரும் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்.

தங்கச்சி விதவை. ஒரே மகள். மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை எங்கள் சாய்ந்தமருதுப் பையன், கல்முனையில் ஒரு காரியாலயத்தில் வேலை. மாப்பிள்ளையின் உம்மா இன்னும் வீடு பார்க்க வரவில்லை. மகனுக்குத் தேர்தல் கடமை, தேர்தல் முடியட்டும் என்று சொல்லியிருந்தார். வீடு பார்த்த பிறகுதான் நிக்காஹுக்கு நாள் குறிப்பது. அதற்குள் கடல் வீட்டைப் பார்த்துவிடும் போல இருந்தது.

ஒவ்வொரு முறை நான் போகும்போதும் அண்ணனாகிய என்னிடம் தங்கச்சி கேட்பது ஒன்றுதான்.

"காக்கா, கல் வருமா?"

பாறாங்கல் கொண்டுவந்து கரையில் கொட்டினால் கடல் நிற்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வேறு சில இடங்களில் கொட்டியிருந்தார்கள். நின்றும் இருந்தது. நான், கரையோரப் பாதுகாப்பு எந்தத் திணைக்களத்துக்குரியது, மாகாணத்துக்கு அதில் ஏன் அதிகாரம் இல்லை, மதிப்பீட்டறிக்கை யாரால் யாருக்குச் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்றெல்லாம் சொல்வேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப வருமா?" என்பாள்.

அந்த நாட்களில் என்னால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பேன். காரைதீவைத் தாண்டித் தங்கச்சி வளவுக்குப் போய்க் கடல் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பேன். திரும்பி வருவேன். வந்து செருப்பைக் கழற்றும்போதே, போன நேரத்தைவிட இப்போது கடல் இன்னும் உள்ளே வந்திருக்குமோ என்று தோன்றும்.

"கடலுக்குக் காவலுக்குப் போறீங்களா? பென்சன் எடுத்த ஆளுக்கு நல்ல வேலதான்," என்றாள் மனைவி.

கடலுக்குப் போகாத நாட்களில் நற்பிட்டிமுனைத் துண்டுக்குப் போய்ப் புல் பிடுங்கினேன். அங்கே பிடுங்க வேண்டிய அளவுக்குப் புல்லும் இல்லை.

ஆகவே கொந்தராத்துக்காரரின் தாளில் ஏழாவது அம்சத்தை எழுதினேன். இன்ன வளவின் வேலி தொடங்கி மையவாடி என்கிற அடக்கத்தலம் வரையிலான கரையோரத்தில் பாறாங்கல்லினாலான அலைத்தடுப்பு அமைக்கப்படும் என்று. எல்லையைக் குறிப்பிடாத வாக்குறுதி எங்கேயும் நிறைவேற்றப்படலாம், ஆகவே எங்கேயும் நிறைவேற்றப்படாது. அது எனக்குத் தெரியும். எல்லையைப் போட்டுவிட்டேன்.

அவர் வாசித்தார். "ஏழாவது நல்லா இருக்கு சேர். ஆறவிட இதுதான் கொள்கை மாதிரி இருக்கு."

அடுத்து வந்தவர் அதே கட்சியின் இன்னொரு வேட்பாளர். ஒரே பட்டியல், ஒரே சின்னம், வேறு வேறு இலக்கம். கட்சிக்கு விழும் வாக்கில் யாருக்கு விருப்பு வாக்கு அதிகமோ அவர் பாராளுமன்றம் போவார். அதனால் எதிர்க்கட்சிக்காரரைவிடச் சொந்தக் கட்சிக்காரர்தான் பெரிய எதிரி.

"அவருக்கும் எழுதினீங்களாமே சேர்?"

"ஓம்."

"பரவால்ல. எனக்கு அதவிட நல்லா எழுதுங்க."

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யார் வெல்வார் என்று தெரியாது. எல்லோருடைய வாயிலும் கல்லைப் போட்டுவிட்டால், யார் வென்றாலும் கல் வரும். அவருக்கும் அதே ஏழாவது. மூன்றாவதாக வேறு கட்சியிலிருந்து ஒரு சட்டத்தரணி வந்தார். அவர் ‘அமைக்கப்படும்’ என்பதை ‘அமைப்பதற்கு உரிய சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று மாற்றச் சொன்னார். நான் மாற்றவில்லை. சட்டத்தரணிகளுக்கு வினைச்சொல் என்றால் ஏனோ பயம்.

அன்று பின்னேரம் கடலைப் பார்த்துவிட்டு வரும் வழியில் எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. முழு உத்தியோக காலத்திலும் இப்படி ஓட்டையில்லாத ஒரு காரியம் செய்ததில்லை என்று நினைத்தேன்.

வாக்களிப்புக்கு முந்திய வாரம் நான் பிறந்த ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு கூட்டம் வைத்தது. வேட்பாளர்கள் எல்லோரும் ஒரே மேடைக்கு வந்து தங்கள் கொள்கையைச் சொல்ல வேண்டும், பிறகு ஊரார் கேட்பார்கள். பாடசாலை மண்டபத்தில் ஒரு பக்கம் ஆண்கள், மற்றப் பக்கம் பெண்கள், நடுவில் ஒரு சீலைத் திரை. ஒழுங்குமுறை தெரிந்தவர் என்று என்னை நடுவில் ஒரு மேசையில் இருத்திப் பள்ளிக்கூட மணியைக் கையில் தந்தார்கள். நேரம் முடிந்தால் நான் மணியடிக்க வேண்டும்.

முதலில் கொந்தராத்துக்காரர் பேசினார். ஏழாவதுக்கு வந்ததும் குரலை உயர்த்தினார். "வேலி தொடங்கி மையவாடி வரைக்கும்!" மண்டபம் கைதட்டியது. அடுத்து அவருடைய கட்சித் தோழர். அவரும் வேலி தொடங்கி மையவாடி வரைக்கும் போனார். கைதட்டல் கொஞ்சம் குறைந்தது. சட்டத்தரணி எழுந்து, "மையவாடி..." என்று தொடங்கும்போதே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"எல்லாரும் ஒரே ஆள்ற கொப்பியப் பாத்து எழுதியிருக்கானுகள்!"

இன்னொருவர், "மையவாடிக்கு அங்கால யாரும் போக மாட்டீங்களா? அங்கதான் என்ட வீடு!" என்றார்.

மண்டபம் சிரித்தது. சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காவதாக ஒரு டீச்சர். காரைதீவுத் தமிழர். நீண்ட காலம் புவியியல் படிப்பித்தவர். ஒரு சிறிய குழுவில் நிற்கிறார். அவர் என் வீட்டுக்கு வரவில்லை. தன்னுடையதைத் தானே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஊர் மரியாதைக்குத்தான் அவரை அழைத்திருந்தார்கள். வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நான் கல் போட மாட்டன்," என்றார்.

சட்டென்று எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. "அப்ப என்னத்துக்கு வந்த?" "அவ அவட ஊருக்குக் கதைக்கிறா!" "நேரம் முடிஞ்சி, மணியடிங்க சேர்!"

நேரம் முடியவில்லை. முடியாத நேரத்துக்கு மணியடிக்க நான் படிக்கவில்லை. கையைத் தூக்கி, அவருடைய நேரம் மிச்சம் இருக்கிறது, அது அவருக்குரியது என்றேன். முணுமுணுத்துக்கொண்டு அமர்ந்தார்கள்.

டீச்சர் மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாஸைப் பக்கத்தில் தள்ளி வைத்தார். "இந்தக் கரையில மண் தெற்கால இருந்து வடக்கால போகுது. நடுவுல துறைமுகம் மறிச்சா வடக்குக்கு மண் வராது, அதான் உங்கட கரை போகுது. நீங்க கல் போட்டா உங்கட இடம் நிக்கும். ஆனா கடலுக்குப் பசி போகாது. கல் முடியிற இடத்தில இருந்து தின்னத் தொடங்கும். முதல்ல மையவாடிக்கு அங்கால உள்ளவங்க. பிறகு எங்கட ஊர். அங்க நிக்கிற ஆள் இன்னொரு கல் கேப்பார். இப்படிக் கல்முனை மட்டும் போகலாம். நான் சொல்றது, துறைமுகத்துக்குத் தெற்கால குவியிற மண்ண ஒவ்வொரு வருஷமும் எடுத்து வடக்கால கொண்டுவந்து போடணும். படகுக்கும் வழி திறக்கும், கரையும் நிக்கும். அதுக்குத்தான் நான் கதைப்பன். கல்லுக்கு மாட்டன்."

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்தாள். எனக்கு முகம் தெரியவில்லை. குரல் போதும்.

"டீச்சர், மண் எப்ப வரும்?"

"தெரியாது," என்றார் டீச்சர். "நான் வென்டாலும் தெரியாது. வருஷக் கணக்காகலாம். நீங்க எங்க இருக்கிறீங்க?"

"வேலியில. இவங்க சொல்ற வேலி என்ட வேலிதான்."

டீச்சர் திரையின் பக்கம் திரும்பினார். "அப்ப உங்கட வீட்டுக்கு நான் பொறுப்புச் சொல்ல ஏலாது, தங்கச்சி. பொய் சொல்ல விருப்பமில்ல."

"சரி," என்றாள் என் தங்கச்சி. பிறகு மற்ற மூவரிடமும், "உங்கட கல் எப்ப வரும்?" என்றாள்.

மூவரும் சேர்ந்து, "வந்த உடனே," என்றார்கள்.

மணியடிக்கும் நேரம் வந்துவிட்டது. அடித்தேன்.

கூட்டம் முடிந்து தங்கச்சியை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வளவுக்குள் வந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினாள்.

"காக்கா, மூணு பேருக்கும் ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"யார் வென்டாலும்..."

"ஒரு ஆள் மட்டும் சொல்லியிருந்தா, நாளைக்கு அவன்ட சட்டையப் பிடிச்சுக் கேப்பன். நீ சொன்னாய்தானே என்டு. இப்ப மூணு பேரும் சொல்லியாச்சு. யார்ர சட்டையப் பிடிக்கிற? வென்டவனிட்டப் போனா, எல்லாரும் சொன்னதுதானே என்பான். தோத்தவனிட்டப் போனா, நான் தோத்துட்டன் என்பான். ஊர்ல ஆக்களுக்கும் இப்ப கல்லப் பத்திக் கதை இல்ல. எல்லாரும் ஒண்டுதான் சொல்றானுகள், அப்ப நம்மட ஊர் ஆளுக்குப் போடுவம் என்டு போயிட்டாங்க. கல்லுக்காக இனி ஒரு வோட்டும் மாறாது."

நான் வேலையில் இருந்த காலத்தில் எத்தனையோ மேலதிகாரிகள் என் குறிப்புகளில் பிழை பிடித்திருக்கிறார்கள். ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகப் பிடித்ததில்லை. கடலைப் பார்த்தேன். கிணற்றுக் கட்டின் ஒரு பக்கத்தை அலை வந்து நனைத்துவிட்டுப் போனது.

"இப்ப நான் யாருக்குப் போட?" என்றாள். கேள்வி என்னிடமில்லை. உள்ளே போய்விட்டாள்.

வாக்களிப்பு நாளில் நான் பொறுப்பில்லாத ஒரு மனிதனாக வரிசையில் நின்றேன். அது ஒரு சங்கடமான அனுபவம். மேசை போட்டிருந்த விதம் பிழை. மறைப்புத் தட்டி யன்னலுக்கு நேரே இருந்தது. சொல்லலாமா என்று இரண்டு தடவை வரிசையை விட்டு அசைந்தேன். பின்னால் நின்றவர், "போறதென்டாப் போங்க, நிக்கிறதென்டா நில்லுங்க காக்கா," என்றார். நின்றேன். உள்ளே போய்ப் புள்ளடியும் இட்டேன். எதற்கு என்று சொல்லும் வழக்கம் எனக்கில்லை. ஆனால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை.

கொந்தராத்துக்காரர் வென்றார். ரோட்டெல்லாம் வெடி கொளுத்தினார்கள். டீச்சருக்கு எங்கள் ஊரிலும் சில வாக்குகள் விழுந்தன என்று கேள்வி. அதில் ஒன்று யாருடையது என்று தங்கச்சியிடம் கேட்கவில்லை.

வெற்றிச் சத்தம் அடங்கியதும் அவருடைய வீட்டுக்குப் போனேன். இப்போது அவருடைய வாசலில் செருப்புக் குவியல். என்னுடையதையும் அதில் விட்டுவிட்டு உள்ளே போனேன். அன்பாகத்தான் வரவேற்றார். வட்டிலாப்பமும் வந்தது. ஏழாவதைக் கேட்டேன்.

"அது நம்ம மூணு பேரும் சொன்ன விஷயம்தானே சேர். அது ஊர்ர பொது விஷயம். எல்லாரும் சேர்ந்துதான் செய்யணும். மத்த ரெண்டு பேரும் வரட்டும், இருந்து கதைப்பம்."

மற்ற இருவரும் வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வட்டிலாப்பத்தை முடித்துவிட்டு எழுந்தேன். அவருடைய வார்த்தை ஏறக்குறையத் தங்கச்சி சொன்னதே. அவள் எழுதிக் கொடுத்து இவர் வாசித்தது போல இருந்தது.

மாப்பிள்ளையின் உம்மா வீடு பார்க்க வரும் நாள் குறித்தாயிற்று. நான் அதற்கும் ஒரு நடைமுறை வகுத்தேன். கடல் அடங்கியிருக்கும் பொழுதில் வரச் சொல்வது. முன் மண்டபத்தில் இருத்துவது. பின்கதவைத் திறக்காமல் விடுவது. கடலைப் பற்றிக் கேட்டால், பாராளுமன்ற உறுப்பினரின் கொள்கையில் ஏழாவது அம்சமாக இருக்கிறது என்று நான் சொல்வது. சொல்வது பொய்யில்லையே. தங்கச்சி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அவர் வந்தார். மெலிந்த, உயரமான பெண். சாய்ந்தமருதில் அவர் பிறந்த வீடு சுனாமியில் போனது. அந்த இடம் இன்றைக்கும் வெறும் மணல்தான். பாய் விரித்து, தொதலும் தேத்தண்ணியும் வைத்தோம். அவர் தொதலில் ஒரு துண்டு எடுத்து, சுவரைப் பார்த்தார், கூரை ஓட்டைப் பார்த்தார், கதவு நிலையைத் தொட்டுப் பார்த்து, "முதிரையா?" என்றார். முதிரை மரம்தான். வாப்பா பார்த்துப் பார்த்துப் போட்டது.

அந்த நேரம் தங்கச்சி எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

"வாங்க ராத்தா, கடலப் பாப்பம்."

நான் பின்னால் ஓடினேன். ஓடி என்ன செய்ய? இருவரும் கிணற்றடிக்குப் போய்விட்டார்கள்.

"போன மாரிக்கு இந்தக் கிணறு வளவுக்குள்ள இருந்திச்சு," என்றாள் தங்கச்சி. "இப்ப கிணறுதான் எல்லை. வாற மாரிக்குச் சமைக்கிற குசினி போகும். கல் வரும் என்டு எல்லாரும் சொல்றாங்க, நான் நம்பல்ல. இந்த வீட்டத் தவிர மகளுக்குக் குடுக்க என்னட்ட வேற ஒண்டும் இல்ல. இத மறைச்சி நிக்காஹ் முடிக்க எனக்கு ஏலா."

மாப்பிள்ளையின் உம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அலை வந்து கிணற்றுக் கட்டைத் தட்டியது.

"என்ட வீட்ட ஒரு சொல் கேக்காமக் கொண்டு போச்சு," என்றார். "இது கேட்டுக் கேட்டு வருது." பிறகு என் பக்கம் திரும்பினார். "காக்கா, நீங்க பெரிய உத்தியோகத்தில இருந்த ஆள். நீங்க சொல்லுங்க. கல் வருமா?"

"கரையோரப் பாதுகாப்புக்குப் பொறுப்பான திணைக்களத்திலிருந்து மதிப்பீடு ஒன்று..."

"நான் அதக் கேக்கல்ல."

மூன்று பேருக்குக் கொள்கை எழுதிக் கொடுத்தவன் நான். நாலாவதாக ஒருவர் என்னிடம் என்னுடையதைக் கேட்கிறார்.

"வராது," என்றேன்.

"அப்ப?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. பிடுங்கப் புல்லில்லாத அந்தத் துண்டுக்கு நான் அத்தனை தடவை எதற்காகப் போனேன் என்று அப்போதுதான் பிடிபட்டது.

"நற்பிட்டிமுனையில எனக்கு ஒரு மேட்டுத் துண்டு இருக்கு. கடலுக்குத் தூரம். ஓடு, கதவு, நிலை, கூரைத் தீராந்தி எல்லாத்தையும் இப்பவே கழட்டினா, இந்த வீட்ட அங்க எழுப்பலாம். காணிய மருமகள்ர பேருக்கு எழுதுவன்."

தங்கச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு.

"பாருங்க ராத்தா, இவரும் எலெக்ஷன் கேக்கிறார்."

மாப்பிள்ளையின் உம்மா சிரிக்கவில்லை. "காணி யார்ர பேரில?"

"என்ட பேரில."

"வீட்ட உள்ளவ என்ன சொல்றா?"

"இன்னும்... கேக்கல்ல."

"கேளுங்க. அவட பதில் வரட்டும். பிறகு நான் என்ட பதிலச் சொல்றன்." உள்ளே போகும் வழியில் முதிரை நிலையை மறுபடி தொட்டார். "கழட்டுறதென்டா வாற மாரிக்கு முதல் கழட்டணும். நனைஞ்ச மரம் உதவாது," என்றார்.

திரும்பி வரும்போது காரைதீவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். மதிலில் டீச்சரின் படம் பாதி கிழிந்து தொங்கியது. அங்கே கரை இன்னும் அகலமாகத்தான் இருந்தது; பிள்ளைகள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே இவ்வளவு தூரத்துக்கு நான் போட நினைத்த கல்லின் பசி எப்போது வந்து சேர்ந்திருக்கும் என்று கணக்குப் பார்க்க முயன்றேன். முடியவில்லை. மனைவியிடம் எப்படித் தொடங்குவது என்பதே தலைக்குள் ஓடியது. ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று ஒரு தொடக்கம் வந்தது. வெட்டினேன். ‘பேத்தியின் எதிர்காலத்துக்கு எவ்வித பாதிப்புமின்றி’ என்று இன்னொன்று. அது அப்பட்டமான பொய். பேத்திக்கு வேறு காணி இல்லை. அதையும் வெட்டினேன். சாய்ந்தமருது வரும்போது கையில் ஒரு வசனமும் மிச்சமில்லை.

மனைவி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, கல் வருமாமா?"

ஒரு செருப்பைக் கழற்றியபடியே சொன்னேன். கல் வராது என்பதையும், கிணற்றடியில் நடந்ததையும், காணியை எழுதிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டதையும், அவளிடம் கேட்காமலே சொல்லிவிட்டதையும். ‘உரிய’ என்றோ ‘நடவடிக்கை’ என்றோ ஒரு சொல்லும் வரவில்லை. அவள் விளக்குமாற்றை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கடைசி மட்டும் கேட்டாள்.

"பேத்திக்கு?"

"இல்ல," என்றேன்.

அவள் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவித் தெருவில் எறிந்தாள்.

"இத முதல்லயே சொல்லியிருந்தா, அந்த மூணு கூட்டத்துக்கும் நான் ஊத்தின தேத்தண்ணி மிஞ்சியிருக்கும்."

விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அது ஓம் என்பதா, இல்லை என்பதா? இதற்கு என்னிடம் ஒரு நடைமுறையும் இல்லை. மற்றச் செருப்பையும் கழற்றிவிட்டு, கேட்பதற்காகக் குசினிக்குள் போனேன்.